கடை திறக்காத நாள்

ஆகஸ்ட் 9, சனி

இன்று குடிக்கவில்லை. முப்பத்தாறாவது நாள்.

எழுந்த நேரம், சாப்பிட்டது, குடிக்கத் தோன்றிய நேரம், அப்போது என்ன செய்தேன் என்பது. இவற்றைத் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் ஸ்டெல்லா மேடம். மறுவாழ்வு வார்டில் ஆலோசகர் அவர். மாதம் ஒருமுறை நோட்டை வாங்கிப் படிப்பார். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன், பொய் இருந்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எழுந்தது ஐந்தரை. காலையில் இட்லி. பன்னிரண்டு மணிக்குக் கடை. நான் அரசு மதுக்கடையில் விற்பனையாளன், பத்தொன்பது வருடமாக. வார்டில் சேர்ந்த முதல் நாள் இதைச் சொன்னபோது மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு வேலைக்குப் போக முடியாதா என்று கேட்டார். நாற்பத்தொன்பது வயதில் இந்தக் கோவில்பட்டியில் எனக்கு யார் வேலை தருவார்கள்? குடோனுக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை.

தோன்றிய நேரம்: மாலை ஏழு. கம்பிக்கு உள்ளே நின்று ஒரு குவாட்டரை எடுத்து நீட்டும்போது கை அதை விட மறுத்தது. வாங்க வந்தவர் இழுத்துத்தான் எடுத்தார். பின்னால் போய் மோர் குடித்தேன்.

இரவு வீட்டுக்கு வந்ததும் சாத்தூரிலிருந்து அய்யாத்துரை போன் செய்தான். இறந்துபோன என் மனைவி வேலுத்தாயின் தம்பி. என் மகள் தாரணி ஜனவரியிலிருந்து அவன் வீட்டில்தான் இருக்கிறாள். பதினைந்தாம் தேதி காலேஜ் லீவு, அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். சர்டிபிகேட்டும் அவள் அம்மாவின் சேலைகளும் வேண்டுமாம்.

"வாடை வந்துச்சுன்னா வாசல்லயே திரும்பிருவேன்னு சொல்லுதா மச்சான்" என்றான்.

வராது என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் கடை வருடத்தில் எட்டு நாள் திறக்காது. மற்ற நாளில் லீவு கேட்டால் மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாம் அந்த எட்டு நாளில்தான் நடந்தன. தாரணிக்குக் காது குத்தியது காந்தி ஜெயந்தியில். வீடு பால் காய்ச்சியது திருவள்ளுவர் தினத்தில். அவள் சடங்கு மே முதல் தேதி. ஐயர் அது நல்ல நாளில்லை என்றார். எனக்கு வேறு நாள் இல்லை என்றேன். காலண்டர் வந்ததுமே வேலுத்தாய் அந்த எட்டையும் பச்சைப் பேனாவால் சுழித்துவைப்பாள். தவசி வீட்டு விசேஷத்துக்குப் போனால் சோறு மட்டும்தான் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

விசேஷம் இல்லாத லீவு நாளில் வேறு தொல்லை. கடை மூடியிருந்தால் என்ன, கடைக்காரன் வீடு தெரியுமே என்று ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். முதலில் இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்தேன். பிறகு தெருவே வந்தது. வேலுத்தாய் ஏச ஆரம்பித்தாள், நிறுத்தினேன். தட்டுவது நிற்கவில்லை. அதற்காக நான் மாடி அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். முந்தைய நாள் கொண்டுவந்தது என்னோடு இருக்கும். கடை மூடியிருக்கும் நாளில்தான் நான் அதிகம் குடித்தேன்.

போன ஜனவரி இருபத்தாறும் அப்படித்தான். வேலுத்தாய்க்கு நெஞ்சு வலி வந்தபோது நான் மேலே தூங்கிக்கொண்டிருந்தேன். தாரணி குடியரசு தின அணிவகுப்புக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பதினொன்றரைக்கு அவள் திரும்பி வந்தபோது வேலுத்தாய் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். உயிர் இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

இதை மேடத்திடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மாடி அறையைச் சுத்தம் செய்தேன். காலி பாட்டில்களை ஏழு மாதமாக யாரும் எடுக்கவில்லை. இரண்டு சாக்கு நிறைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குவாட்டர், மூடி திறக்காதது. எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெயில் ஏறியிருந்தது. பிறகு திறந்து சாக்கடைத் துவாரத்தில் ஊற்றினேன்.

அது தப்பாகிவிட்டது. அறை முழுக்க வாடை ஏறிவிட்டது. திறக்காமலே கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பினாயில் ஊற்றினேன். இப்போது பினாயிலும் அதுவும் சேர்ந்து, சாவு விழுந்த ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிறேன். மூன்று நாள் இருக்கிறது.

சாக்குகளை இறக்கும்போது பக்கத்து வீட்டு சரோஜா அக்கா பார்த்தார். கடைசிப் படியை ஏன் தாண்டிக் குதிக்கிறீர்கள், வழுக்கி விழப்போகிறீர்கள் என்றார். பழகிவிட்டது என்றேன்.

குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வேலுத்தாயின் சேலைகளை எடுத்துக் கொடியில் உலர்த்தினேன். இருபத்திரண்டு. பாதிக்கு மேல் நான் பார்த்த நினைவே இல்லை.

தாரணிக்கு என்ன சமைப்பது என்று தெரியவில்லை. அய்யாத்துரையிடம் கேட்டேன். "அவ சாப்பிட மாட்டா மச்சான். எடுத்துட்டுக் கெளம்பணும்னுதான் சொல்லியிருக்கா" என்றான். பிறகு அவனே, ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள், மூன்று மணி வரைக்கும் முழித்திருக்கிறாள், டாக்டர் மாத்திரை கொடுத்தும் தூக்கம் இல்லை என்றான். மெலிந்துவிட்டாளாம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. சேலையும் சர்டிபிகேட்டும்தான் வேண்டுமென்றால் நான் கடையில் இருக்கும் ஏதாவது ஒரு நாளில் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாவி சரோஜா அக்காவிடம் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். நான் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து ஏன் வருகிறாள்?

காபித்தூள், பால், வாழைப்பழம் வாங்கினேன். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

(இதைப் பதினைந்து காலையில் எழுதுகிறேன். நேற்று முடியவில்லை.)

கடை அடைப்புக்கு முந்தைய நாள் எப்படி இருக்கும் என்று மேடத்துக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வரிசை ரோடு வரைக்கும் இருந்தது. மற்ற நாளில் ஒன்று வாங்குகிறவர் மூன்று வாங்குவார். ஒருநாள் தேவைக்குத்தான் அது. ஆனால் கிடைக்காது என்று தெரிந்தால் மனிதருக்குத் தாகம் கூடிவிடுகிறது. பெட்டியைப் பிரிப்பதும் எடுத்து நீட்டுவதுமாக நிமிர நேரமில்லை.

அப்படி இருந்தால் ஒரு விதத்தில் எனக்கு நல்லதுதான். கை ஓயாமல் இருந்தால் குடிக்கும் நினைப்பு பின்னால் போய்விடும்.

எட்டு மணி சுமாருக்கு மேல்தட்டிலிருந்து ஒரு ஃபுல் சரிந்து மேஜை விளிம்பில் பட்டு உடைந்தது. பிராந்தி. என் சட்டை, வேட்டி, முழங்கை வரைக்கும் நனைந்துவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற ஆட்டோக்காரர் பால்வண்ணன், "அண்ணாச்சிக்கு இன்னைக்கு அபிஷேகம்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கையிலிருந்து விரலுக்கு ஒரு துளி இறங்கி வந்துகொண்டிருந்தது. அதை நக்கினால் யாருக்கும் தெரியாது. துண்டால் துடைத்தேன். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் போட்டேன்.

கடை அடைக்கும்போது சூப்பர்வைசர் செல்வின் சார் ஒரு பையை நீட்டினார். வருடாவருடம் கொடுப்பதுதான்.

"வேண்டாம் சார்."

"நாளைக்கு ஒரு நாள்தானய்யா. இன்னைக்கு நீ பட்ட பாட்டுக்கு."

"மக வாரா சார்."

அவர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சரி, போ என்றார். நல்ல மனிதர்தான். என்ன கொடுப்பது என்று தெரியாமல் கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். சட்டையை வீட்டுக்குள் கொண்டுவராமல் தெருமுனையில் போட்டுவிட்டேன். சீயக்காய், சோப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் வாடை இருப்பது போலவே இருந்தது. நகத்தை ஒட்ட வெட்டினேன். இரண்டு விரலில் ரத்தம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை 6.10. கதவு தட்டும் சத்தம். திறந்தேன். மேலத்தெரு மேஸ்திரி. இல்லை என்றேன். லீவு நாளில் நான் கதவைத் திறந்தது அவருக்கு ஆச்சரியம். போகாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

6.50. இரண்டு பேர், முகம் தெரியாதவர்கள். இல்லை.

7.25. பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். மைக் டெஸ்ட் செய்கிறார்கள். டிரம் அடிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. தாரணி போன வருடம் வரைக்கும் அந்த வரிசையில் முதலில் கொடி பிடித்துப் போனவள்.

7.40. பால்வண்ணன். கை நடுங்குகிறது. நேற்று வாங்கியதை ராத்திரியே தீர்த்துவிட்டாராம். உட்காரவைத்து மோர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "அண்ணாச்சி, உள்ள ஒண்ணு இருக்கும். எனக்குத் தெரியும்." இல்லை என்றேன். வேறெங்காவது பார்க்கிறேன் என்று போனார்.

8.15. கதவைத் திறந்தே போட்டுவிட்டேன். யாரும் தட்ட வேண்டாம்.

இந்த நோட்டில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பதினொன்றாம் தேதி, ஜனவரியில் நான் தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறேன். வார்டிலும் அப்படித்தான் சொன்னேன். அய்யாத்துரையிடமும், போலீஸிலும், தாரணியிடமும் அப்படித்தான். தூங்கவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. சரக்கு கேட்டு வந்த ஆள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

9.00. கொடி ஏற்றிவிட்டார்கள். கைதட்டல் கேட்டது.

9.30. சேலைகளை மடித்துக் கட்டிலில் அடுக்கினேன்.

(மாலை 5.00)

தாரணி பத்தே முக்காலுக்கு வந்தாள். அய்யாத்துரை முனை டீக்கடையில் நின்றுகொண்டான். உள்ளே வர வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

நிலைப்படிக்கு வெளியே நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாம்மா என்றேன். ஒரு எட்டு முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, "ஊதுங்க" என்றாள்.

ராத்திரியில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திச் சொல்வது போல. முன்பெல்லாம் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு தலையை அசைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

சர்டிபிகேட் ஃபைலை எடுத்தாள். சேலைகளில் நான்கை மட்டும் எடுத்தாள். கட்டிலில் அடுக்கிவைத்திருந்த மற்றதைத் தொடவில்லை. காபி வேண்டாம் என்றாள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பை தோளில் இருந்தது. ஆனாலும் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு அம்மா மேல ஏறி வந்தாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள். அன்று காலையில் வேலுத்தாய் தோள்பட்டை வலிக்கிறது, இன்றைக்கு நீ போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான்தான் கொடி பிடிக்கிறேன், போகாமல் இருக்க முடியாது என்று சொல்லி, ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு இவள் போய்விட்டாள். இதை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். எனக்கும் இன்றுதான் தெரியும்.

"கூப்பிட ஆள் இல்லாம அப்படியே உக்காந்துட்டாங்களா, இல்ல உங்களையாவது கூப்பிட்டாங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும். நான் இருந்திருந்தா என்னையக் கூப்பிட்டிருப்பாங்க. டெய்லி அதுதான் ஓடுது."

தூங்கிவிட்டேன், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏழு மாதமாகச் சொன்னதுதான், அவள் நம்பியிருப்பாள். காலையில் இந்த நோட்டில் எழுதியதையும் சொல்லியிருக்கலாம். அதையும் நம்பியிருப்பாள். நம்பிவிட்டுச் சாத்தூருக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு முழித்திருப்பாள்.

"வந்தா" என்றேன். "நான் தூங்கல. மூணு தடவை தட்டினா."

"யாரோ ஆளுன்னு நெனச்சுட்டீங்களா?"

அவளே எனக்கு ஒரு வழி விட்டாள். வேலுத்தாயும் இப்படித்தான், திட்டிக்கொண்டே வழி விடுவாள்.

"இல்ல. ஏங்கன்னு கூப்பிட்டா. ரெண்டு தடவை. அவதான்னு தெரியும். ஏசத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். பேசாம இருந்தா போயிருவான்னு இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் எறங்குற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப மெதுவா எறங்கினா. அதுவும் கேட்டுச்சு."

தாரணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையை இழுத்து இழுத்து விட்டாள். சரோஜா அக்கா வீட்டு டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"அப்போ நான் போனதுனால இல்ல."

"இல்லம்மா. உன்னால இல்ல."

எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு தடவைதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னைக்குக் குடிச்சிருந்தா இதச் சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இப்படிச் சொல்வார்கள், மெதுவாக, எனக்கு இது வேண்டாம் என்று. தெருவில் இறங்கிப் போனாள். முனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குப் பால்வண்ணன் திரும்பி வந்தார். எங்கேயோ கிடைத்துவிட்டது. முகம் தெளிந்திருந்தது. காலையில் மோர் கொடுத்ததற்காக எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார். திண்டாடிப் போயிருப்பீர்கள் அண்ணாச்சி, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கையை நீட்டி வாங்கினேன். இதையும் எழுதிவிடுகிறேன்: வேண்டாம் என்று சொல்லவில்லை. நீட்டியது வாங்கத்தான்.

அதை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகக் குடிக்காமல் இருந்தேனோ அவள் வந்து போய்விட்டாள். இனி வரமாட்டாள். ஊதச் சொல்ல யாரும் இல்லை. மூடியை ஒரு சுற்றுத் திருகிக்கூட விட்டேன்.

இன்று நான் குடித்தால், எப்படியும் அது அய்யாத்துரை காதுக்குப் போகும். அன்றைக்கே குடித்தாராம், குடிகாரர் பேச்சை நம்பாதே என்று அவளுக்கு யாராவது ஆறுதல் சொல்வார்கள். அவளும் என் மேல் இரக்கப்பட்டு அதை நம்பினாலும் நம்பிவிடுவாள். அப்புறம் மறுபடியும் அந்த மாத்திரை, அந்தக் கொடி, நான் இருந்திருந்தால். நான் சொன்னது நின்றால்தான் அவள் தூங்க முடியும். அது நிற்க வேண்டும் என்றால் நான் குடிக்காமல் இருக்க வேண்டும்.

பாட்டிலைக் கொண்டுபோய்ப் பால்வண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். என் கையில் அதைப் பார்த்ததும் காறித் துப்பினார். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பன்னிரண்டு மணிக்குக் கடை. வரிசை. குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அய்யாத்துரை போன் செய்தான். குரலில் சந்தோஷம் இருந்தது. தாரணி வெள்ளிக்கிழமை முழுக்க அழுதாளாம். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவளே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாளாம், மாத்திரை போடாமல். இன்னும் எழுந்திருக்கவில்லை, எழுப்பாதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறான்.

"என்னத்தச் சொன்னீங்க மச்சான்? நானும் ஏழு மாசமாச் சொல்லாத வார்த்தையில்ல. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

மச்சான், மச்சான், லைன்ல இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இவன்தான் வேலுத்தாய்க்குக் கோடி போட்டவன். அன்று ஏதோ வேலையாக இந்த ஊருக்கு வந்திருந்து, தாரணி போன் செய்ததும் வந்து, உயிர் இருக்காதா என்று அக்காவைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடியவன். சொந்தபந்தம் எல்லாம் என் மேல் பாய்ந்தபோது, "மனுசன் தூங்கிட்டாரு, அவரு என்ன கண்டாரு" என்று எனக்காகச் சண்டை போட்டவனும் இவன்தான். இன்றைக்கும் எனக்குப் போன் செய்கிற ஒரே ஆள்.

தாரணி அவனிடம் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லாமல் இருக்கிறாளா, மாமா தாங்கமாட்டார் என்று சொல்லாமல் இருக்கிறாளா, தெரியவில்லை. எதுவானாலும் அந்தப் பிள்ளை இன்னொன்றைச் சுமக்கக் கூடாது.

நேரில் வருகிறேன் மாப்பிள, வந்து சொல்கிறேன் என்றேன். வாங்க மச்சான், கறி எடுத்துவைக்கிறேன் என்றான்.

கடையில் செல்வின் சாரிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் கடை திறந்திருக்கும் நாளில் நான் லீவு கேட்பது மூன்றாவது தடவை. எதற்கு என்றார்.

"சாத்தூருக்குப் போகணும் சார். மச்சினங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"போன்ல சொல்லக் கூடாதாய்யா?"

"இல்ல சார். அவன் முன்னால நின்னு சொல்லணும்."

வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். புதன்கிழமை போகச் சொல்லியிருக்கிறார்.